நெய்யாத துணியில் இரண்டு பெயர்கள்

மூன்று ஓலையும் வாசித்து முடியும் முன்பு மணமக்களின் பெயர்களைச் சேர்த்து எதிலும் அச்சடிக்கக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் நம்பினார்கள். அச்சடித்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்பது அந்த நம்பிக்கை.

பெயர்தான் ஓலை, இப்போது அது ஒரு தாள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் ஆராதனையின் நடுவே வாசிப்பார். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றாவது முறையும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றால்தான் பெண் வீட்டார் மூச்சு விடுவார்கள். அழைப்பிதழைக்கூட அதற்குப் பிறகே நாங்கள் அச்சுக்குக் கொடுப்போம்.

அண்ணன் மகள் அபிஷாவுக்கு முதல் ஓலை வாசித்த மறுநாள், கருங்கல் வீட்டு முற்றத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். பின்னாலேயே சாக்குச் சாக்காக என்னவோ இறங்கியது. மைனி, அதாவது அண்ணனின் மனைவி, பாதி ஆய்ந்த முருங்கைக்கீரையோடு வாசலுக்கு வந்தாள்.

"என்னதிது?"

"பை. கல்யாணத்துக்கு வாறவியளுக்குக் குடுக்க."

"பேரு போட்டிருக்கா?"

"பேரு போடாத பையக் குடுத்தா யாரு கல்யாணத்துல வாங்கினதுண்ணு எவனுக்குத் தெரியும்?"

"ரெண்டு ஓலை பாக்கி கெடக்கு. உங்களுக்கு அதுக்குள்ள என்ன அவசரம்?"

"ஈஸ்டர் கழிஞ்சா பிரஸ்காரன் நம்ம மூஞ்சியப் பாக்கமாட்டான். நாட்டுல உள்ள அம்புட்டுக் கல்யாணமும் அந்த ஒரு வாரத்துலதான."

அண்ணன் சொன்னது பொய்யில்லை. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடப்பதில்லை. காத்திருந்த ஜோடிகள் எல்லாம் ஈஸ்டர் முடிந்ததும் முண்டியடித்துக்கொண்டு வரும். ஆனாலும் மைனி வழிவிடவில்லை. "வீட்டுக்குள்ள ஏத்தப்பிடாது" என்று சொல்லிவிட்டாள். ரப்பர் ஷீட் அடிக்கும் ஷெட்டில், உருளை இயந்திரத்துக்குப் பின்னால், சாக்குகளை அடுக்கினார்கள்.

நாகர்கோவிலில் கல்லூரி நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தனியாக இருந்த நான், கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக அங்கே வந்திருந்தேன். ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். வெளிர்மஞ்சள் நிறம். மெரூன் எழுத்தில் 'அபிஷா – ஜெபின்'. இடையில் கோத்த இரண்டு மோதிரங்கள். ஷெட்டின் புளித்த ரப்பர்பால் வாடை அதற்குள்ளாகவே அதில் ஏறத் தொடங்கியிருந்தது.

நூலை இழுத்துப் பார்த்தவர்

அந்தப் பையைத் தொட்டதும் எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. கருங்கல் சந்தைக்குப் போகும் வழியில் அவர் நடத்திய தையல்கடையைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். எந்தத் துணி வந்தாலும் அதன் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுப்பார். விரலிடையே உருட்டுவார். பிறகு தீக்குச்சியில் கொளுத்தி மோந்து பார்ப்பார். பருத்தி என்றால் காகிதம் எரியும் மணம். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம்.

ஒருநாள் வெளியூர் விற்பனையாளர் ஒருவர், சட்டைக் காலருக்குள் வைப்பதற்குப் புதுச் சரக்கு என்று வெள்ளையாக ஒன்றை விரித்தார். பேப்பர் கேன்வாஸ் என்று தையல்காரர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். துணிக்கு அடியில் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். அப்பா வழக்கம்போல ஓரத்தில் நூல் தேடினார். நான்கு ஓரமும் தேடினார். கையில் பஞ்சு மட்டுமே வந்தது.

"பாவும் இல்ல, ஊடும் இல்ல. இத எப்பிடித் துணிண்ணு சொல்லுவீரு?"

"துணிண்ணு சொல்லாண்டாம் அண்ணாச்சி. காலர் நிண்ணா போதும்லா?"

காலர் நின்றது. கஞ்சி போடாமலே பள்ளி ஆசிரியர்களின் காலர்கள் துவைக்கத் துவைக்க நிமிர்ந்து நின்றன. அப்பா அதை வாங்கினார், பயன்படுத்தினார். ஆனால் கடைசிவரை அதைத் துணி என்று சொன்னதில்லை.

நெய்யாத துணிகள் பெரிய குடும்பம் என்பதைப் பின்னாளில் நூலகத்தில் படித்தே அறிந்தேன். இழைகளைப் பரப்பிப் பசையால் ஒட்டலாம். முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்திச் சிக்கவைக்கலாம். நீரைப் பீய்ச்சிப் பின்னலாம். வெப்பத்தால் உருக்கி இணைக்கலாம். ஆட்டுமயிரை நனைத்து மிதித்துக் கம்பளமாக்கிய ஆதி மனிதர்களும் தறியைத் தேடிப் போகவில்லை.

எங்கள் பக்கத்து மனிதருக்கு இது அந்நியமான சங்கதியும் அல்ல. தேங்காய் நாரைப் பிரித்துப் பரப்பி, ரப்பர்பாலைத் தெளித்து, அழுத்திச் சூடாக்கிய மெத்தையில்தான் இங்கே பலரும் படுத்திருக்கிறோம். வீட்டு எல்லைக்குள்ளேயே நிற்கும் இரண்டு மரங்கள் சேர்ந்து செய்த படுக்கை அது. அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய அந்த மெத்தையில் காற்று ஊடாடும். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் வயதுப் பெண்கள் மாதவிலக்கு நாட்களுக்குப் பழைய சேலையைக் கிழித்து மடித்து, துவைத்து, ஆண்கள் கண்ணில் படாத மூலையில் ஈரம் முழுதும் போகாமல் உலர்த்தி, அதையே மறுபடி அணிந்தவர்கள். மழை மாதங்களில் அந்த ஈரத் துணியின் உரசலோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறோம். ஈரத்தை உள்ளே விட்டு மேலே உலர்ந்திருக்கும், நாப்கினின் அந்த மெல்லிய நெய்யாத ஏடு, எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்குத் தந்த விடுதலையைப் பற்றி யாரும் விழா எடுத்துப் பேசுவதில்லை.

நாலுவழிச்சாலைக்காகக் குளத்தை நிரப்பியபோது, மண்ணுக்கு அடியில் வெள்ளையாக எதையோ விரித்துக்கொண்டே போனார்கள். சேறு மேலே ஏறாமல், நீர் மட்டும் கசிந்து போகச் செய்யும் துணி அது. அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தான். "ஏட்டி, மனுசனுக்குப் பாய் இல்ல, ரோட்டுக்குப் பாய் விரிக்கான் பாத்தியா" என்றான் என்னிடம்.

கல்யாணப் பையும் இந்தக் குடும்பத்துக் கடைக்குட்டிதான். உருக்கிய பிளாஸ்டிக் மணிகளை, இடியாப்ப அச்சில் மாவைப் பிழிவதுபோல, கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இழையாகப் பிழிகிறார்கள். இழைகள் ஓடும் பட்டையின்மேல் இஷ்டப்படி விழுகின்றன. புள்ளி வைத்த சூடான உருளை அவற்றை அழுத்திவிடுகிறது. பையை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் புள்ளிகள் தெரியும். பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது ஊரே இதைத் துணிப்பை என்று நம்பி வாங்கியது.

மூடிய கோயில்

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு வருமுன் கோயில் கதவைப் பூட்டினார்கள். உலகமே பூட்டிக்கொண்ட அந்த மார்ச் மாதத்தை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜெபின் குவைத்தில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தான். விமானங்கள் நின்றன. ஈஸ்டர் மணி அடிக்காமலே கடந்தது. கல்யாண நாளாகக் குறித்திருந்த நாளில் மைனி மரச்சீனிக் கிழங்கு அவித்து, மிளகாய்த் துவையலோடு எங்கள் முன் வைத்தாள். அபிஷா சாப்பிட்டாள். அவள் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்காக அதை விட்டிருந்தாள். வேலையும் இல்லாமல் கல்யாணமும் ஆகாமல் இருப்பவளின் நடமாட்டம் வீட்டுக்குள் எவ்வளவு ஓசையற்றது என்பதை அந்த நாட்களில் பார்த்தேன்.

அப்போதுதான் முகக்கவசம் இல்லாமல் ரேஷன் கடைக்கு வரக்கூடாது என்றார்கள். மருந்துக்கடைகளில் முகக்கவசம் தீர்ந்திருந்தது. துணிக்கடைகளும் அடைப்பு. மைனி அப்பாவிடம் தையல் கற்றவள். அவருடைய இயந்திரம் அவளிடம்தான் இருந்தது. ஒரு காலையில் ஷெட்டுக்குப் போய் ஒரு சாக்கை அவிழ்த்தாள்.

அபிஷா ஓடி வந்தாள். "அம்மா, அதத் தொடாதிய. எம் பேர ஊருல உள்ளவியெல்லாம் மூஞ்சில கெட்டிட்டு நடக்கவா? நாளைக்குக் கல்யாணம் இல்லண்ணு ஆனா நான் எங்க போய் நிக்க?"

யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாததை அவளே சொல்லிவிட்டாள். மைனியின் கை சாக்கின் கயிற்றிலேயே நின்றது.

"பேரு உள்ள பக்கத்த வெட்டி மாத்திருவேன் மக்கா. ஓரத்துல உள்ளத மட்டும் எடுக்கேன்."

அதற்கு அபிஷா சம்மதித்தாள். பிறகு நர்ஸாகப் பேசினாள். "இது ஆஸ்பத்திரி மாஸ்க்குல வெளிய உள்ள துணி மாதிரியாக்கும். நடுவுல ஒண்ணு உண்டு, அது நம்மகிட்ட கெடையாது. இது எச்சி தெறிக்காம காக்கும், அவ்வளவுதான். ரெண்டு மடிப்பா தைங்க. ஆருகிட்டயும் பெருசாச் சொல்லிக் குடுக்காதிய."

அவள் சொன்ன அந்த நடு ஏடுதான் முகக்கவசத்தின் உயிர். உருகிய இழையைச் சூடான காற்றால் ஊதி, சிலந்தி நூலையும் விட மெல்லியதாக்கிச் செய்வது. தலைசீவிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அப்படியொரு மின்சாரத்தை அதற்குள் ஏற்றி வைக்கிறார்கள். துகள்களை அது சல்லடையாகத் தடுப்பதோடு, இழுத்தும் பிடித்துக்கொள்கிறது. உலகமே அந்த ஏட்டுக்காக அலைந்துகொண்டிருந்தது.

இஸ்திரிப்பெட்டியில் ஒட்டியது

மைனியின் முதல் முகக்கவசம் இஸ்திரிப்பெட்டியோடு போயிற்று. மடிப்பு என்றால் அப்பாவின் பட்டறையில் பயின்ற கை தானாகவே பெட்டியைத் தேடும். வைத்தாள், ஒரு சீறல், தூக்கினால் முகக்கவசத்தைக் காணோம். பெட்டியின் அடியில் மஞ்சள் பாகாய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "தோசையா சுடுத? எனக்கு ரெண்டு."

"நீங்க வாங்கின துணியோட லெச்சணம் இது. வாயப் பொத்திட்டு அங்கோட்டு மாறுங்க."

அதன்பின் மடிப்பை நகத்தால் கீறித் தைத்தாள். வழக்கமான நெருக்கத்தில் தையல் ஓடினால், ஊசி குத்திய வரியில் தபால்தலை கிழிவதுபோலக் கிழிந்தது. நூல் அதில் பின்னி நிற்பதில்லை, துளை மட்டுமே நிற்கிறது. தையலை நீளமாக்கினாள். எலாஸ்டிக் கிடைக்கவில்லை. அண்ணனின் பழைய பனியன்களை நான் நாடாவாக நறுக்கினேன். இழுத்துவிட்டால் அவை தாமே சுருண்டு காதில் மாட்டும் கயிறாயின.

முதலில் எங்களுக்கு. பிறகு பக்கத்து வீடுகளுக்கு. அப்புறம் பால் ஊற்றுபவர், தேங்காய் வெட்டுபவர், ரேஷன் கடையில் நிற்பவர்கள். பெயரில்லாத ஓரங்கள் தீர்ந்தன. அபிஷா பெயருள்ள துண்டுகளை ஷெட்டில் ஓர் எண்ணெய்த் தகர டின்னுக்குமேல் அடுக்கி, மேலே ஒரு பலகையையும் வைத்து மூடியிருந்தாள்.

இரணியலிலிருந்து ஒரு போன்

ஜெபினின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவன் தங்கியிருந்த கட்டிடத்தை அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு சில நாட்கள் அழைப்பே இல்லை. அந்த நாட்களில் ஒரு பகல்பொழுதில், இரணியலிலிருந்து அவனுடைய அம்மா பேசினாள். மைனிக்குக் காது சற்று மந்தம்; எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். அதனால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

"சம்மந்தி, தப்பா நெனைக்கப்பிடாது. ஓலை மூணும் முடியல்ல. கர்த்தரே தடுத்தாரோ என்னமோ. அவன் எப்ப வருவாண்ணு நமக்குத் தெரியாது. உங்க பிள்ளைக்கு வேற நல்ல எடம் வந்தா நாங்க ஒரு கொறையும் சொல்லமாட்டோம்."

கொடுமைக்காரியின் குரல் அல்ல அது. எங்களைப் போலவே ஓலையை நம்பியவளின் குரல். "வச்சிருங்க சம்மந்தி" என்று சொல்லி மைனி போனை அணைத்தாள்.

அபிஷா எழுந்து ஷெட்டுக்குப் போனாள். பெயருள்ள துண்டுகளை இரண்டு கைகளாலும் அணைத்து எடுத்து வந்து தையல் இயந்திரத்தின்மேல் வைத்தாள்.

"தைங்க."

"மக்கா, வேண்டாம்."

"ஓலை வாசிக்கக் கோயில் இல்ல. ஊரு வாசிக்கட்டு. ஆட்சேபணை உள்ளவன் எங்கிட்ட வந்து சொல்லட்டு."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவசரப்பட்டுப் பெயரை அச்சடித்தவன் என்று அத்தனை நாளும் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தவன் அவன். பெயருள்ள முதல் முகக்கவசத்தை அவன்தான் மாட்டினான். மகளுக்கு வெட்கமாக இருக்குமே என்று எழுத்து உள்பக்கம் வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டான். வியர்வையில் மை கரைந்து, அவன் வெளியே போய்த் திரும்பியபோது முகவாயெல்லாம் மெரூன். "அப்பா, லிப்ஸ்டிக் கொள்ளாம், அழகாருக்கு" என்றாள் அபிஷா. பல வாரங்களுக்குப் பின் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

எழுத்து வெளியே வரும்படியே தைத்தோம்.

புஷ்பத்தின் முகத்தில் ஜெபின்

ரேஷன் கடை வரிசையில் அடுத்தடுத்து ஒரே கல்யாணம் நின்றது. சிலர் கன்னத்தில் அபிஷா, சிலர் மூக்கின்மேல் மோதிரம். வெட்டிய இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு ஒரு பெயர்தான் வாய்த்தது. கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்ததும், குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் புஷ்பம் எங்கள் வாசலில் வட்டிக் கூடையை இறக்கினாள். அவளுக்கு மைனி கொடுத்ததில் நட்டநடுவே ஜெபின் மட்டும் இருந்தான். கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தாள்.

"எக்கா, எம் மூஞ்சில ஒரு ஆம்பளப் பேர எழுதி வச்சுட்டிய. வீட்டுல அவரு கேட்டா நான் என்ன சொல்லட்டு?"

"நல்ல பையனாக்கும்ணு சொல்லு" என்றான் அண்ணன்.

"நல்ல பையன்னா பிள்ளைய இப்பிடிப் போட்டுட்டு அங்க என்ன செய்யான்? போன் போட்டுக் குடுங்க, நான் கேக்கேன்."

அண்ணன் போன் போடவில்லை. அவளை ஒரு படம் எடுத்து ஜெபினுக்கு அனுப்பினான். இடுப்பில் கை, கண்ணில் முறைப்பு, வாயை மூடி அவன் பெயர்.

இரண்டொரு நாளில் அபிஷாவின் போன் அடித்தது. அவள் கிணற்றடிப் பக்கம் நகர்ந்தாள். எங்களுக்குக் கேட்டது அவள் பக்கத்துப் பேச்சு மட்டுமே.

"ஆமா, புஷ்பம்மாதான்... உங்க பேருதான், பின்ன யாரு பேரு?... சிரிக்காதிய... வேலை போனாப் போட்டு. நான் வேலையக் கெட்டவா போறேன்?... அது உங்க அம்மா சொன்னது. நான் உங்ககிட்ட கேக்கேன்... வருவியளா, மாட்டியளா?"

கிணற்றின் தொடிச் சுவரில் அவள் விரல் எதையோ சுரண்டியது.

"செரி. வாங்க. மெதுவா வாங்க."

வேலையை இழந்தவன், தன்னோடு அவளைக் கட்டிப்போட வேண்டாம் என்று எண்ணித்தான் வாய் மூடியிருந்திருக்கிறான்.

மறுபடியும் முதல் ஓலை

மீட்பு விமானம் ஒன்றில் அவன் ஊர் வந்து, தனித்திருந்து, வெளியே வரவும் கோயில் திறக்கவும் சரியாக இருந்தது. ஆனால் பழைய ஓலைகளின் காலம் கடந்துவிட்டது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றார் போதகர். ஒருமுறை நின்ற ஓலையை மறுபடி தொடங்குவது நல்லதல்ல என்றும் எங்கள் குடும்பத்தில் ஒரு பயம் உண்டு. மைனி மூன்று வாரமும் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் ஞாயிறு. இடைவெளி விட்டு உட்கார்ந்த சபை. துவைத்துத் துவைத்து மங்கிய மெரூன் எழுத்துகள் பெஞ்சுக்குப் பெஞ்சு. போதகர் ஓலையை வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார்.

பின்வரிசையில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். மைனி என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்தது.

"ஐயா, இத நாங்க மாசக்கணக்கா மூஞ்சில கெட்டிட்டு நடக்கோம். இனி யாரு என்ன சொல்லப் போறா? மேல நடத்துங்க."

முகக்கவசங்களுக்குள் சபை முழுவதும் சிரித்தது. மூடிய வாய்களின் சிரிப்பு தூரத்துக் கடல்போல இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். மைனியின் கண்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. அவை நிறைந்திருந்தன.

கல்யாணத்துக்கு அனுமதித்த கூட்டம் சிறிது. வந்தவர்களுக்குக் கொடுக்கப் பையே மிச்சமில்லை. மட்டி வாழைப்பழத்தையும் அச்சப்பப் பலகாரத்தையும் வாழையிலையில் பொதிந்து கொடுத்தோம். ஜெபினின் அம்மா கடையில் வாங்கிய நீல முகக்கவசத்தோடு கோயில் வாசலில் தயங்கி நின்றாள். மைனியிடம் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு ஒண்ணு இல்லியா, சம்மந்தி?" மைனி தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து, அவள் காதில் தானே மாட்டிவிட்டாள்.

ஆண்டுகள் ஓடிவிட்டன. வெயில் பட்டால் அந்தத் துணி பொடிந்துபோகும். நிழலில் கிடந்தால் நம்மையும் விட நாள் தாங்கும் என்கிறார்கள். அண்ணன் அத்தனை நாள் தாங்கவில்லை. பேத்தி பிறந்த சேதியைக் கேட்டான். அவள் முகத்தைப் பார்க்குமுன் ஒரு மழை மாதத்தில் போய்விட்டான்.

அபிஷாவும் ஜெபினும் குழந்தையோடு குவைத்தில் இருக்கிறார்கள். அவள் அங்கே மறுபடியும் நர்ஸ். கருங்கல் வீட்டில் மைனியும் நானும் இருக்கிறோம்.